குடும்பத்திற்கேற்ற மோட்டார் வண்டி

வீடு கட்டுதல், நிலம் வாங்குதல், மக்கட்கு மணம் முடித்தல் ஆகிய மூன்றையுமே நம் முன்னோர் ஒரு குடும்பத்தின் பெருஞ்செலவுகளெனக் கொண்டனர். இக்காலத்தில் அவற்றோடு நான்காவதொன்று வந்து கூடியிருக்கின்றது. அது குடும்பத்திற்கென ஒரு மோட்டார் வண்டி வாங்குதலாகும். நிலம் வாங்குவோன் வில்லங்கம் பார்க்கின்றான். மாடு வாங்குவோன் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சுழியும் பார்க்கின்றான். பெண் கொள்வோன் குலமும் குணமும் வினவுகின்றான். வண்டி வாங்குவோனோ எதிர்வீட்டு வாசலில் நிற்பது எது என்று மட்டும் பார்த்து, அதனினும் ஒரு சாண் உயர்ந்ததை வாங்கிவிடுகின்றான். இம்முறை தகாது என்பதையும், தக்க முறை இன்னது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்களின் நிலையாகும். தனியரசாயிருந்து 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்திற் கலந்து, 1974-இல் தனி மாவட்டமாக அமைந்த இப்பகுதி பெரும்பாலும் சமநிலம். விராலிமலை, அன்னவாசல் பக்கங்களிற் பாறையும் கரடும் உண்டு. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கங்களில் தென்னையும் வாழையும் பலாவும் பூந்தோட்டமும் உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கங்களிற் கடற்கரை உண்டு. நாள்தோறும் மலைப்பாதை ஏறவேண்டிய வேலை இங்கு எவர்க்கும் இல்லை. நெடுஞ்சாலைகள் நன்றாகவே உள்ளன. தோட்டத்துப் பாதைகளும் கண்மாய்க் கரைகளும் மட்டும் மழைக்காலத்திற் செம்மண் சேறாகும். விளம்பரங்களிற் காட்டப்பெறும் வண்டிகளோ பனிமலையின் மேலும் பாலைமணலின் மேலும் பாய்ந்து செல்கின்றன. நாம் வாங்கும் வண்டி அறந்தாங்கிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் போய்வர வேண்டுவது என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் நலம்.

எஸ்.யூ.வி. என்னும் மூன்றெழுத்தாற் சுட்டப்பெறும் உயரமான மோட்டார் வண்டியையே இன்று பலரும் விரும்புகின்றனர். அதுபற்றி வீட்டிற் பேச்செழுங்கால் மூன்று கோரிக்கைகள் பிறக்கும். எல்லோரும் ஒருங்கே அமர்ந்து செல்ல இடம் வேண்டும் என்பர் தாயார். டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிக் காளையையோ ஜெனரேட்டரையோ தேங்காய் மூட்டையையோ இழுத்துச் செல்லும் வலிமை வேண்டும் என்பர் இளைஞர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பர் தந்தையார். இம்மூன்று கோரிக்கைகளும் ஒன்றோடொன்று மாறுபட்டவை. இடம் மிகுந்தால் எடை மிகும். இழுக்கும் வலிமைக்காகச் சட்டத்தை உறுதிப்படுத்தினால் எடை இன்னும் மிகும். எடை மிகுந்தால் எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். மூன்றையும் முற்றும் நிறைவேற்றும் வண்டி எக்கம்பெனியாரிடத்தும் இல்லை. ஆகவே எதனைக் கொள்வது, எதனை விடுவது என்று தீர்மானித்தலே வண்டி வாங்குதலின் முதல் வேலையாகும்.

இவ்விஷயத்தில் நம் பாட்டன்மார் நமக்கு வழிகாட்டியிருக்கின்றனர். மோட்டார் வருமுன், வசதியுள்ள குடியானவர் வீட்டில் இருவகை வண்டிகள் இருந்தன. ஒன்று கூண்டு வண்டி. மற்றொன்று பார வண்டி. கூண்டு வண்டியிற் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் ஏறிச் சந்தைக்கும் திருவிழாவிற்கும் சென்றனர். பார வண்டியில் எருவும் நெல்லும் வைக்கோலும் ஏறின. கூண்டு வண்டியில் எருவை ஏற்றுவாரும் இல்லை. பார வண்டியிற் பாட்டியை ஏற்றி நெடுவழி செல்வாரும் இல்லை. இரண்டும் வைத்துக்கொள்ள இயலாதவர் தமக்கு அடிக்கடி வேண்டுவது எதுவோ அதனை வைத்துக்கொண்டு, மற்றதைப் பங்காளி வீட்டிலிருந்து இரவலாகவோ வாடகைக்கோ பெற்றனர். இந்த எளிய அறிவையே மோட்டார்க் காலத்திற்கும் கொள்ளவேண்டும் என்பது எமது துணிபு. இனி மூன்று கோரிக்கைகளையும் தனித்தனியே காண்பாம்.

இடம்

இடம் என்பதை இருக்கைகளின் எண்ணிக்கையாற் கணக்கிடுதல் பொதுவான பிழை. எழுவர் அமரும் வண்டி என்று எழுதியிருந்தால், எழுவரும் அவர்தம் பெட்டிகளும் அடங்கும் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். 2019-இல் விற்பனைக்கு வந்த ரெனோ டிரைபர் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வாம். மூன்றாம் வரிசை இருக்கையை எடுத்துவிட்டால் அதன் டிக்கியில் 625 லிட்டர் கொள்ளளவு உண்டு. மூன்றாம் வரிசையையும் வைத்து எழுவரை ஏற்றினாலோ எஞ்சுவது 84 லிட்டரே. எழுவர் வேளாங்கண்ணிக்குச் சென்று ஓரிரவு தங்கிவர வேண்டின், அவர்தம் பெட்டிகள் அவ்விடத்தில் அடங்கா. 2012-இல் முதன்முதல் வந்த மாருதி எர்டிகாவில் இப்போதைய அமைப்பின்படி எழுவர் அமர்ந்தபின் எஞ்சுவது 209 லிட்டர். மூன்றாம் வரிசையை மடக்கினால் 550 லிட்டர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிதும் நீளத்தால் வந்தது. முன்னது 4 மீட்டருக்குள் அடங்கியது, பின்னது 4.4 மீட்டரை நெருங்குவது.

இந்த 4 மீட்டர் என்னும் அளவு எங்கிருந்து வந்தது எனின், வரியிலிருந்து வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. முறைப்படி, 4 மீட்டர் நீளத்திற்கு மேற்படாமலும், பெட்ரோலாயின் 1200 கன சென்டிமீட்டருக்கும் டீசலாயின் 1500-க்கும் மேற்படாத எஞ்சினோடும் உள்ள கார்களுக்கு 18 விழுக்காடு வரி. அவற்றின் மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. முன்னிருந்த வரிமுறைகளிலும் இவ்வெல்லை இருந்தமையாற் கம்பெனியார் வண்டிகளை அதற்குள் அடக்கிச் செய்கின்றனர். ஆதலால் 4 மீட்டருக்குள் எழுவர் என்று சொல்லக் கேட்டால், அவ்வெழுவரில் இருவர் முழங்காலை மடக்கிக் குறுகி அமரவேண்டும் என்று பொருள் கொள்க.

மூன்றாம் வரிசையில் அமர்வோர் யாவர் என்பதும் எண்ணற்பாலது. சில வண்டிகளில் அவ்வரிசை முன்னோக்கி இராமல், பக்கவாட்டில் ஒருவரையொருவர் நோக்கி அமரும் பலகைபோல அமைந்திருக்கும். நம் பக்கத்தில் மிகப் பரவிய மகிந்திரா பொலீரோவின் பின்னிருக்கைகள் அவ்வகையின. வண்டி முட்டிக்கொள்ளுங்கால் முன்னோக்கி அமர்ந்தவனை இருக்கை வார் மார்பிலும் இடுப்பிலும் பிடித்து நிறுத்தும். பக்கவாட்டில் அமர்ந்த குழந்தைக்கு அத்தகைய காப்பு இல்லை. வீட்டிற் சிறுவர் எவரோ அவரையே பின்னால் ஏற்றும் வழக்கம் நம்மிடம் உண்டாகையால், இவ்வமைப்பு அவர்க்கே ஊறு செய்வதாகும். மோதல் சோதனை செய்யும் குளோபல் என்கேப் நிறுவனத்தார் 2021-இல் மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 700-க்குப் பெரியோர் பாதுகாப்பில் 5 விண்மீனும், 2024-இல் அதே கம்பெனியாரின் பொலீரோ நியோவுக்கு 1 விண்மீனும் வழங்கினர். உயரமும் பருமனும் பாதுகாப்பைக் காட்டும் அடையாளங்கள் அல்ல என்பது இதனால் விளங்கும். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுச் சோதனை முறையும் நடைபெறுகின்றது. அதன் முடிவைக் கேட்டறிந்த பின்னரே விலை பேசுதல் வேண்டும்.

எனவே இடத்தை அளக்கும் முறை ஒன்று கூறுவாம். வண்டி பார்க்கச் செல்லுங்காற் பாட்டியாரையும் அழைத்துச் செல்க. வண்டியின் தரை உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதைக் காட்டிலும், முழங்கால் வலியுடைய முதியவர் ஒருவர் துணையின்றி ஏறி இறங்குகின்றாரா என்று பார்த்தல் பயனுடைத்து. வீட்டில் மிக நெட்டையானவரை மூன்றாம் வரிசையில் அமர்த்திக் கால்மணி நேரம் இருக்கச் செய்க. பின்னர், எல்லா இருக்கையும் நிறைந்திருக்கும்போது டிக்கியைத் திறந்து பார்க்க. இம்மூன்றையும் செய்தோர்க்குக் கடைக்காரர் தரும் வண்ணத்தாள் வேண்டுவதில்லை.

மற்றொரு கணக்கும் உண்டு. ஓர் ஆண்டின் 365 நாளில் அவ்வண்டியில் ஐவருக்கு மேல் ஏறும் நாட்கள் எத்தனை? பங்குனியில் நார்த்தாமலைத் திருவிழா, மாசி மகத்தன்று குளமங்கலத்து ஐயனார் கோயிலின் பெருங்குதிரைக்குக் காகித மாலை சாத்துதல், ஆடியில் உறவினர் வீட்டு மொய் விருந்து, ஓரிரு கலியாணம், ஒரு காதணி விழா எனக் கூட்டினாற் பத்துப் பதினைந்து நாட்கள் வரலாம். அந்நாட்களிலும் நம் வீட்டார் எழுவரோடு நில்லார். அத்தையும் சித்தப்பாவும் அவர்தம் மக்களும் சேர்ந்து பன்னிருவர் ஆவர். எழுவர் வண்டியும் அப்போது போதாது; வாடகை வேன்தான் வேண்டும். பதினைந்து நாளுக்கும் போதாததும், எஞ்சிய 350 நாளும் பாதி வெறுமையாய் ஓடுவதுமாகிய ஒரு வண்டிக்கு ஏன் பொருளைச் செலவிட வேண்டும்? தாத்தா, பாட்டி, தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் என ஒரே கூரையின்கீழ் எழுவர் வாழும் குடும்பம் இதற்கு விலக்கு. அவர்கள் மூன்று வரிசை வண்டியையே, அதிலும் நீளமானதையே கொள்ளக்கடவர்.

இழுவை

இனி இளைஞர் விரும்பும் இழுவையைப் பற்றிக் கூறுவாம். 2019 ஜனவரியில் விராலிமலையில் நடந்த ஜல்லிக்கட்டில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. தச்சங்குறிச்சியிற் புத்தாண்டுக் காலத்து ஜல்லிக்கட்டுக்கு வரும் காளைகளும் பல. இக்காளைகள் சிறு லாரிகளிலேயே வருகின்றன. சொந்த வண்டியின் பின்னே டிரெய்லர் மாட்டிக் காளையை அழைத்துச் சென்றால் எவ்வளவு பெருமை என்று காளை வளர்க்கும் இளைஞன் எண்ணுவதில் வியப்பில்லை. அவன் ஆசையை நகையாடாமல், அதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்ப்பாம்.

முதலாவது, வண்டியின் எலும்பு. ஏணிபோன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்திய வண்டிகள் ஒருவகை. உடலும் சட்டமும் ஒன்றாகவே செய்யப்பட்ட வண்டிகள் மற்றொருவகை. பொலீரோவும் ஸ்கார்ப்பியோவும் முன்வகை, எர்டிகாவும் எக்ஸ்.யூ.வி. 700-உம் பின்வகை. ஆஸ்திரேலியாவில் 2023-இல் விற்பனைக்கு வந்த ஸ்கார்ப்பியோவுக்குப் பிரேக் உள்ள டிரெய்லராயின் 2500 கிலோ வரை இழுக்கலாம் என்றும், எக்ஸ்.யூ.வி. 700-க்கு 1500 கிலோ வரை என்றும் கம்பெனியாரே அளவு கூறினர். ஒரே கம்பெனியார், ஏறக்குறைய ஒத்த விலையில், ஓராண்டில் அந்நாட்டிற்கு அனுப்பிய இரு வண்டிகளிடையே இவ்வளவு வேறுபாடு. மேலும் கொக்கியின் மேல் விழும் பாரம் வண்டியின் பின்புறத்தை அழுத்தும். பின்சக்கரங்களால் ஓடும் வண்டிக்கு அவ்வழுத்தம் பிடிப்பைத் தரும். முன்சக்கரங்களால் ஓடும் வண்டிக்கு அது முன்புறத்தைத் தூக்கிப் பிடிப்பைக் குறைக்கும். ஆதலின் இழுவையே முதன்மை என்போர் ஏணிச் சட்டமும் பின்சக்கர ஓட்டமும் உடைய வண்டியையே கொள்ளவேண்டும்.

இரண்டாவது, பாரம் வைக்கும் முறை. இதனை நம் வண்டிக்காரர் நன்கறிவர். அச்சுக்குப் பின்னே பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து மாட்டின் கழுத்தை இறுக்கும்; முன்னே மிகுந்தால் மாடு சுமை தாங்காது வருந்தும். ஆகவே முன்பாரம் சிறிது மிகுமாறு ஏற்றுவர். மோட்டார் டிரெய்லருக்கும் விதி இதுவே. மொத்தப் பாரத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கொக்கியில் விழுமாறு ஏற்றுக என்பர் மேனாட்டார். பின்பாரம் மிகுந்த டிரெய்லர் வேகத்திற் பாம்புபோல நெளிந்து, இழுக்கும் வண்டியையும் சாலையினின்று தள்ளிவிடும். மாடு கழுத்து நொந்தால் நின்றுவிடும். மோட்டாருக்கு அவ்வறிவு இல்லை. காளையோ மூட்டைபோல் ஓரிடத்தில் நில்லாது. அது முன்னும் பின்னும் நகருந்தோறும் பாரமும் இடம் மாறும்.

மூன்றாவது, பிரேக்கும் சட்டமும். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். நம் ஊர்ப் பட்டறைகளிற் செய்யப்படும் டிரெய்லர்களிற் பலவற்றுக்குப் பிரேக்கே இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுள் டிரெய்லரும் அடங்கும். ஆகவே அதற்கும் தனிப்பதிவு வேண்டும். பதிவில்லாத டிரெய்லரை இழுத்துச் சென்று விபத்து நேரின், இன்சூரன்சு பெறுவதிலும் வழக்காடுவதிலும் படும் தொல்லை, காளையால் வந்த பெருமையை ஒரு நாளில் விழுங்கிவிடும்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜாப் புயல் வீசி ஆலங்குடி, கீரமங்கலப் பகுதிகளின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. மின்சாரம் பல நாள் வரவில்லை. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குடிநீர் இறைக்க ஜெனரேட்டர்கள் ஊர் ஊராய்க் கொண்டுசெல்லப்பட்டன. அத்தகைய நாளில் இழுக்கும் வண்டி வீட்டிலிருத்தல் நன்றன்றோ என்பர். நன்றுதான். எனினும் இழுப்பதற்கென்றே செய்யப்பட்ட டிராக்டர்கள் நம் ஊர்கள்தோறும் உள்ளன. 2005-இல் வந்த டாடா ஏஸ் என்னும் சிறு லாரியும், அதாவது நம்மவர் குட்டியானை என்று அன்போடு அழைப்பதும், தெருத்தோறும் வாடகைக்குக் கிடைக்கின்றது. அது ஏறத்தாழ முக்கால் டன் சுமக்கும். காளைக்கும் அதுவே ஏற்றது. ஏனெனில் காளை நிற்கும் தளமும் இழுக்கும் எஞ்சினும் ஒரே உடலில் உள்ளன. ஆண்டில் ஆறு நாள் வேண்டும் பாரத்திற்காக, ஆண்டு முழுதும் கனத்த சட்டத்தைச் சுமந்து எரிபொருளைக் கரைத்தல் சிக்கனமாகாது.

வாரந்தோறும் பூமூட்டையோ பலாப்பழமோ முந்திரிக்கொட்டையோ சந்தைக்கு ஏற்றுவோர் நிலை வேறு. அவர்க்கு வேண்டுவது பார வண்டியே. அவர் பிக்அப் லாரி ஒன்றை வாங்கிக்கொண்டு, குடும்பத்தைப் பேருந்திலும் வாடகைக் காரிலும் அழைத்துச் செல்லுதல் அறிவுடைமை. அந்த லாரியின் பின்தளத்திலேயே பெண்டு பிள்ளைகளை ஏற்றிக் கோயிலுக்குச் செல்லும் வழக்கத்தை மட்டும் ஒழித்தல் வேண்டும். சட்டம் அதனைத் தடுக்கின்றது. ஆளுக்கு நூறு ரூபாய் வேன் வாடகை மிச்சமாயிற்று என்று மகிழ்ந்து, உயிரைப் பணயம் வைப்பார் உளரோ?

எரிபொருள்

தந்தையார் கேட்கும் கேள்விக்கு வருவாம். மைலேஜ் எத்தனை என்பதே அக்கேள்வி. இதிலும் ஒரு மயக்கம் உண்டு. ஒரு குடும்பம் ஆண்டொன்றுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வாம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 1200 லிட்டர் வேண்டும். 15 ஓடுவதற்கு 800 லிட்டர். 20 ஓடுவதற்கு 600 லிட்டர். 25 ஓடுவதற்கு 480 லிட்டர். பத்திலிருந்து பதினைந்துக்கு உயர்ந்தால் 400 லிட்டர் மிச்சம். இருபதிலிருந்து இருபத்தைந்துக்கு உயர்ந்தால் 120 லிட்டரே மிச்சம். உயர்வு இரண்டிலும் ஐந்தே; பயனோ மூன்று மடங்கிற்கு மேல் வேறுபடுகின்றது. ஆகவே மிகுதியாகக் குடிக்கும் வண்டியை விலக்குதலே பெருஞ்சிக்கனம். நன்றாக ஓடும் இரு வண்டிகளுள் ஒன்று சிறிது கூடுதலாக ஓடுகின்றது என்பதற்காகப் பல இலட்சம் கூடுதலாகக் கொடுத்தல் சிக்கனமாகாது.

எடுத்துக்காட்டாக, 2022-இல் அறிமுகமான டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் என்னும் ஹைபிரிட் வண்டிக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர் என்று கம்பெனியார் கூறினர். அதே ஆண்டிற் புதுப்பிக்கப்பட்ட எர்டிகா பெட்ரோல் வண்டிக்கு 20.51 என்றனர். மேற்சொன்ன 12,000 கிலோமீட்டருக்கு இவ்விரண்டிற்கும் இடையே வேறுபாடு 70 லிட்டர் அளவே. லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுக்கு 7000 ரூபாய். இன்னோவாவின் அகலத்திற்கும் ஓய்வான இருக்கைக்கும் பணம் தருதல் ஒருவர் விருப்பம். எரிபொருட் சிக்கனத்திற்காக அதனை வாங்கினேன் என்று கூறுதல் மட்டும் கணக்கிற்கு ஒவ்வாது. அத்துணைப் பெரிய உடலை அவ்வளவு குறைந்த எரிபொருளில் ஓட்டுதல் அரிய தொழில்நுட்பமே என்பதையும் மறுக்கின்றோமல்லேம்.

கம்பெனியார் கூறும் எண்கள் சோதனைச் சாலையில், அளந்த வேகத்தில், அளந்த பாரத்திற் கிடைத்தவை. குளிர்பதனியை இயக்கி, எழுவரை ஏற்றி, கூரையின்மேற் பெட்டிகளையும் கட்டிச் செல்லும் நம் பிரயாணத்தில் அவ்வெண்கள் குறையும். பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு கலக்கப்படுவதையும் எண்ணுக. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கெனச் செய்து 10 விழுக்காட்டுக் கலவைக்கு ஒழுங்குபடுத்திய கார்களில், இக்கலவையால் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. பழைய கார் வாங்குவோர் இதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

டீசலா பெட்ரோலா என்னும் வினாவும் முன்போல் எளிதன்று. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபின், டீசல் வண்டிகளிற் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று பொருத்தப்படுகின்றது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தூய்மையாக்கிக்கொள்ளும். அதற்கு வண்டி நெடுஞ்சாலையிற் சிறிது நேரம் நில்லாமல் ஓடவேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் டீசல் வண்டியில் அவ்வடிகட்டி அடைபட்டு, அதனைத் துப்புரவு செய்வதிலோ மாற்றுவதிலோ பெருஞ்செலவு வரும். திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். வாரம் இருமுறை அங்கே போய்வருவோர்க்கு டீசல் தகும். புதுக்கோட்டை நகரத்துள்ளேயே ஓட்டுவோர்க்குப் பெட்ரோலே தகும். சி.என்.ஜி. வாயுவில் ஓடும் வண்டிக்குச் செலவு குறைவு. எனினும் அதன் உருளை டிக்கியின் பெரும்பங்கைக் கொள்ளும். எழுவரும் பெட்டியும் என்ற கோரிக்கை அங்கே மீண்டும் இடறும்.

கடனும் மொய்யும்

இவற்றையெல்லாம் கூறியபின், விலையைப் பற்றி ஒரு சொல் கூறாது விடுதல் தகாது. கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடத்தி இலட்சக்கணக்கிற் பணம் திரட்டும் வழக்கம் உண்டு. வட்டியில்லாத இப்பணத்தால் எத்தனையோ பேர் கடை வைத்தனர், கிணறு வெட்டினர், மக்களைப் படிக்க வைத்தனர். அத்தகைய நல்வழக்கம் வேறெங்கும் காண்டலரிது. ஆயினும் மொய் என்பது கொடையன்று. முறை வருங்காற் சற்றுக் கூட்டியே திருப்பித் தரவேண்டிய கடன். இப்பணத்தை எடுத்து உயர்ந்த எஸ்.யூ.வி. வாங்குவாரும் இக்காலத்தில் உளர். அவர்தம் கணக்கு இவ்வாறு முடியும். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் தேயும்; மொய் நோட்டில் எழுதிய தொகை தேயாது. கிணறு நீர் தந்து கடனை அடைக்கும். கடை வியாபாரத்தால் அடைக்கும். படித்த மகன் ஊதியத்தால் அடைப்பான். வாசலில் நிற்கும் வண்டியோ தானும் எரிபொருள் கேட்கும். மொய் எழுதியவர் வீட்டு விருந்து அடுத்தடுத்து வருங்கால், அவர்க்குத் திருப்பித் தர வழியின்றி நிலத்தை அடகு வைத்தல் நேரும்.

வங்கிக் கடனுக்கும் இதுவே பொருந்தும். மாதத் தவணையை மட்டும் கேட்டு, எத்தனை மாதம் என்று கேளாமல் விடுதல் தகாது. ஏழாண்டுத் தவணை முடியுமுன் பிள்ளை கல்லூரிக்கு வந்துவிடுவான். வண்டித் தவணையும் கல்லூரிக் கட்டணமும் ஒரே மாதத்தில் வாசலில் வந்து நின்றால், எதனைத் தள்ளிவைப்பது? தவணையைத் தள்ளினால் வண்டியை எடுத்துச் செல்ல ஆள் வரும். கட்டணத்தைத் தள்ளினாற் கேட்பார் எவருமில்லை, பிள்ளை வீட்டில் இருந்துவிடுவான். ஆகவே தள்ளிவைக்கப்படுவது பெரும்பாலும் படிப்பாகவே இருக்கும். இவ்விதழைக் கையிற் கொண்டிருக்கும் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் எமது கருத்து விளங்கும். நான்கைந்து பேர் உள்ள குடும்பம், இரண்டு வரிசை இருக்கையும் நல்ல டிக்கியும் மோதல் சோதனையில் நற்பெயரும் உள்ள சிறிய வண்டியைக் கொள்க. பண்டிகைக்கு வேனும் பாரத்திற்குக் குட்டியானையும் வாடகைக்கு அமர்த்துக. ஒரே வீட்டில் எழுவர் வாழ்வோர், 4 மீட்டரைக் கடந்ததும், எல்லோரும் முன்னோக்கி அமர்வதுமான மூன்று வரிசை வண்டியைக் கொள்க. வாரந்தோறும் பாரம் ஏற்றுவோர் பார வண்டியையே கொள்க. சேறு நிறைந்த தோட்டத்துப் பாதையில் நாள்தோறும் செல்வோர்க்கு மட்டும் ஏணிச் சட்டமும் உயர்ந்த தரையும் உள்ள வண்டி தகும். நான்கு சக்கரமும் ஓட்டும் அமைப்பு நம் சமநிலத்தில் எவர்க்கும் ஏறக்குறைய வேண்டா. மாதம் இருமுறை மட்டும் வெளியூர் செல்வோர் வண்டியே வாங்காதிருத்தலும் தாழ்வாகாது. பேருந்தும் இரயிலும் நம் வாசலுக்கு அருகே ஓடுகின்றன.

பெரிய வண்டி பெரிய மனிதனாக்கும் என்ற எண்ணமே இவ்வளவு மயக்கத்திற்கும் வேராகும். கூண்டு வண்டியிற் சென்ற நம் பாட்டியாரை, பார வண்டி இல்லாமையால் எவரும் இகழ்ந்ததில்லை. தமக்கு வேண்டுவது இன்னது என்று அவர் அறிந்திருந்தார். வேண்டாததைக் கடனுக்கு வாங்கவில்லை. மாணவ நண்பர்கள் விடுமுறைக்கு வீடு செல்லுங்கால், முற்றத்தில் வண்டிப் பேச்செழுந்தால், ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு தந்தையாருடன் அமர்க. ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர், அன்றாடம் எத்தனை பேர், ஆண்டில் எத்தனை நாள் பாரம், கடன் எத்தனை மாதம் என்னும் நான்கு கேள்விகளையும் எழுதி விடை காண்க. படித்த பிள்ளை குடும்பத்திற்குச் செய்யத்தக்க உதவிகளுள் அதுவும் ஒன்றாகும்.